பன்றிகள் பயப்பட மறுத்தது பற்றி மாமாவுக்கு

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு மருமகன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் மகளும் நானும் சுகம். பன்றிகளும் சுகம். அவை சுகமாக இருப்பதுதான் இப்போது என் வேலைக்கு உலை வைத்திருக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் பன்றியைப் பிடிப்பவன் நான், ரத்தம் எடுப்பவர் டாக்டரம்மா. சற்று நேரம் இறுக்கிப் பிடித்தால் பன்றி மிரளும், மிரண்டால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறி இறங்கும், நோயை எதிர்க்கும் சக்தி ஆட்டம் காணும், அது எவ்வளவு என்று அளக்க வேண்டும், அதற்காகப் பாதிப் பன்றிகளைப் பிடிப்பது, மீதியைத் தொடாமல் விடுவது என்று ஏற்பாடு. நானும் பிடித்தேன். பிடித்த கை சும்மா இருக்குமா? பழக்கதோஷம், காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டது. பிடிபட்டவை கண்ணை மூடிச் சொக்கிப் போயின. எங்களை மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று மீதிப் பன்றிகள் கதவை முட்டிக் கூரை அதிரக் கத்தின. சோதித்துப் பார்த்தால் எல்லாம் தலைகீழ்! தொட்டது நிம்மதி, தொடாதது பீதி. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீங்க பிடிக்கிறீங்களா, கொஞ்சுறீங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள பிடிச்ச பன்னியில ஒண்ணாவது பயப்படணும். இல்லேன்னா நான் வேற ஆள் பாத்துக்குறேன்."

முறைத்துப் பார்த்தேன், கொட்டாவி விட்டது. அதட்டினேன், என் மடியில் தலை வைத்தது. வேலை போனால் குடும்பத்தோடு உங்கள் மாடியறைக்குத்தான் வர வேண்டும், அது உங்களுக்கும் சங்கடம், எனக்கு அதைவிடச் சங்கடம். ஆகவே தயவுசெய்து ஒரு நடை வந்து கொட்டகை வாசலில் நின்றால் போதும். நீங்கள் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த காலத்தில், டிக்கெட் வாங்கியவனுக்கே உங்களைக் கண்டால் வியர்க்குமாமே. ஒன்றும் பேச வேண்டாம். உங்கள் மகளைக் கேட்டு வந்த அன்று என்னைப் பார்த்தீர்களே, அதே பார்வை போதும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ரத்தக் கொதிப்பு அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். வெள்ளிக்கிழமைவரை முழுவதும் அடங்க வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் அடக்கமுள்ள மருமகன்

பி.கு.: வர வேண்டாம் மாமா. மரியாதைக் குறைவு ஏதும் இருக்கிறதா என்று, பன்றியைப் பிடித்தபடியே இக்கடிதத்தை டாக்டரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்களை அழைக்கும் இடம் வந்ததும் என் கை வெடவெடவென்று நடுங்கியது, பன்றி மிரண்டு வீறிட்டது, டாக்டரம்மா பாய்ந்து ரத்தம் எடுத்துவிட்டார். அணுக்கள் அவர் நினைத்ததற்கு மேலேயே ஏறியிருக்கின்றன. வேலை நிரந்தரம். வாரம் தவறாமல் நான் உங்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பதிலைக் கொஞ்சம் கடுமையாகவே போடவும், இன்னும் நிறையப் பன்றிகள் பாக்கி இருக்கின்றன.