கிரைண்டருக்குச் செருப்பு தைத்த அக்கா

"ஏனுங் அம்மணி, பி.காம். படிச்சுப்போட்டு, ஊரு கால் பட்ட கார்ப்பெட்டுக்குப் பக்கத்துல காதை வெச்சுட்டு உக்காந்திருக்கறீங்களே, இதெல்லாம் உங்களுக்கு ஆகுங்களா?"

சிங்காநல்லூர் லைன் வீட்டுக்கு நான் குடிவந்த இரண்டாவது மாதம் வீட்டுக்கார அம்மா இப்படிக் கேட்டார். கோயம்புத்தூரில் மானத்தை வாங்குவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் வாங்குவார்கள். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். காங்கேயத்தில் அப்பாவும் அம்மாவும் களத்தில் தேங்காய்ப் பருப்பு காய வைக்கிறார்கள். கையெழுத்துக் கேட்கிற இடத்தில் இருவரும் கட்டைவிரலைத்தான் நீட்டுவார்கள். அந்தத் தலைக்கனத்தில் நான் யாருக்கும் சட்டென்று பதில் சொல்வதில்லை. அதனால் என்னிடம் யாரும் அதிகம் கேட்பதுமில்லை.

இங்கே ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே சத்தத்தைப் பிடித்துக் கட்டிப்போடக் கிளம்பிய ஒரே ஆள் எங்கள் கார்ப்பெட் அக்காதான். அவருக்குக் காது கேட்காது.

நாற்பது வயதிருக்கும். பதினெட்டு வருஷம் பஞ்சு மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் மிஷின் ஓட்டியவர். மில் முதலில் அவர் காதை எடுத்துக்கொண்டது. பிறகு மில்லையே மூடிவிட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை. நாலாம் எண் வீட்டில் தனியாக இருந்தார். நான் ஏழாம் எண்.

லைனில் ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய மொத்தம் பதினோரு வீடுகள். காலையில் "சாப்டாச்சுங்களா" என்பார்கள். பொழுது சாய்ந்து மோட்டார் கம்பெனி ஆபீஸிலிருந்து திரும்பினால் "வந்தாச்சுங்களா" என்பார்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான், "ஆச்சுங்க." சில ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாய் திறந்து பேசிய மொத்தமே அந்த ஒரு சொல்தான்.

அப்படி ஒரு ஞாயிறன்று யாரோ என் கதவை இடித்தார்கள். போலீஸ்தான் என்று நினைத்துத் திறந்தேன். கையில் வட்டமாக வெட்டிய நாலு சிவப்புத் துண்டுகளோடு அக்கா நின்றிருந்தார்.

"ஏங் கண்ணு, உனக்குக் காது நல்லாக் கேக்குமா?"

அதுவரை எல்லோரும் எந்த ஊர், என்ன ஆளுங்க, எப்பக் கல்யாணம் என்றுதான் கேட்டிருந்தார்கள். காதைப் பற்றி விசாரித்தவர் இவர் ஒருவர்தான்.

"கேக்குமுங்க."

"ஆங்?"

"கேக்குமுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். லைனில் அத்தனை ஜன்னல்களும் திறந்தன.

"எதுக்குக் கத்தற? எம்மூஞ்சியப் பாத்துப் பேசு, ஒதட்டப் பாத்தே தெரிஞ்சுக்குவேன். வா."

அவர் வீட்டு அடுப்படியில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் சுவரே அதிர ஓடும் அந்தப் பழைய கிரைண்டர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவை ஒரே இடத்தில் நிற்காது. அக்காவின் கிரைண்டர் அரிசி அரைந்து முடிவதற்குள் சுவரோரத்திலிருந்து நிலைப்படி வரை நடந்து வந்துவிடும். அதை நிறுத்தி, நாலு கால்களுக்கும் அடியில் அந்தச் சிவப்பு வட்டங்களைச் செருகி, மறுபடி ஓட்டினார்.

"இப்ப எப்படி? சும்மா ஓடறப்ப பத்துன்னு வெச்சுக்கோ. இப்ப எத்தன வெரல்?"

நாலு விரலைக் காட்டினேன். அக்கா கிரைண்டர் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "எங் கையும் நாலுன்னுதான் சொல்லுது" என்றார். அன்றைக்கு நான் அவருடைய காதாகப் பதவி ஏற்றேன். பட்டம் வாங்கிய நாளில்கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இல்லை.

அந்தப் பொருளுக்கு அவர் வைத்த பெயர் 'கிரைண்டர் செருப்பு'. மூடிப்போன தியேட்டர், இடிக்கிற கல்யாண மண்டபம், தரைக்கு டைல்ஸ் போடுகிற ஆபீஸ் என்று எங்கே பழைய கார்ப்பெட்டைப் பிடுங்கினாலும் அக்கா அங்கே இருப்பார். அதைச் சுருட்டி டிவிஎஸ் மொபெட்டில் குறுக்கே கட்டிக்கொண்டு வருவார். பக்கத்துக்கு ஒரு கஜம் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் ஒரு லாரிக்காரர் பின்னாலேயே ஹாரன் அடித்துச் சலித்து, கடைசியில் இறங்கி ஓடி வந்து குறுக்கே நின்று கும்பிட்டாராம். அக்கா வண்டியை நிறுத்தி, பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"டவுன்ல லாரி ஓட்டறவிய நெம்ப மரியாதையா மாறிட்டாங்க கண்ணு" என்றார் என்னிடம்.

கார்ப்பெட்டை வாசலில் போட்டு அடித்தால் லைன் முழுவதும் தும்மும். கழுவிக் காயப்போட்டு, அதைத் தடவிப் பார்த்தே வரலாறு சொல்வார். "இது பால்கனி. இந்தத் தேஞ்ச எடம் பாத்தியா, இன்டர்வெல்லுக்கு முறுக்கு வாங்க ஓடுன வழி." கம்ப்யூட்டர் சென்டரில் பிடுங்கியதென்றால் தனி மதிப்பு. எல்லோரும் செருப்பை வெளியே விட்டுத்தானே உள்ளே போவார்கள்? "இது காலே படாத கார்ப்பெட்டுங்க, கம்ப்யூட்டர் மட்டுந்தானுங்க இருந்துச்சு" என்று சொல்லித்தான் வீடு வீடாகக் கொடுத்தார்.

அவருக்கு ரகசியம் பேச வராது. தன் குரல் தனக்குக் கேட்காததால், காதோடு காதாகச் சொல்வதும் ஒண்டிப்புதூர் வரை போகும். ஒரு முறை என் பக்கம் குனிந்து, "மூணாம் நெம்பர்காரருக்கு முன்னால நாலு பல்லும் கட்டுனது, தெரியுமா?" என்று ரகசியம் சொன்னார். மூணாம் எண்காரர் ஒரு வாரம் சிரிக்கவில்லை.

எதற்காக இந்தப் பாடு என்று ஒரு நாள் கேட்டேன். "காது போயும் மில்லு போகல கண்ணு. மண்டைக்குள்ள மூணு ஷிப்டும் ஓடிட்டேதான் இருக்குது. எனக்குத்தான் நிறுத்த வழியில்ல, மத்தவிய ஊட்டுலயாச்சும் சித்த சும்மா இருக்கட்டுமே" என்றார். அன்று மட்டும் கொஞ்சம் மெல்லப் பேசினார் என்று தோன்றியது.

லைனில் மற்றப் பத்து வீடுகளுக்கும் கிரைண்டர் செருப்பு போய்ச் சேர்ந்தது. எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "நெம்ப நல்லாருக்குதுங்க."

யாருக்கும் நல்லாயில்லை. கிரைண்டர் கழுவுகிற தண்ணீர் அதில் இறங்கினால் காயாது. மூன்றாவது நாள் நாறும். நனைந்து அமுங்கினதும் கிரைண்டர் பழையபடி நடக்கத் தொடங்கிவிடும். போதாததற்கு, ஊர் மிதித்ததைக் கொண்டுபோய் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைப்பதா என்ற தயக்கம் வேறு. ஆனால் அக்காவின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எந்த வீட்டுக்கும் மனம் வரவில்லை. எனவே லைன் ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. தெரு முக்கில் அக்காவின் மொபெட் சத்தம் கேட்டதும் பத்து வீட்டுப் பெண்களும் அடுப்படிக்கு ஓடுவார்கள். கிரைண்டரைத் தூக்கு, செருப்பைச் செருகு, கையைத் துடை, வாசலுக்கு வா, சிரி. தன் வண்டிச் சத்தம்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்?

நான் மட்டும் யோக்கியமா? நனைந்த செருப்புக்கு ஏழு விரல் காட்ட வேண்டிய நான், மூன்று மாதமாக நாலு காட்டிக்கொண்டிருந்தேன். அக்காவும் என் விரலையே நம்பி, கை வைத்துப் பார்ப்பதை விட்டிருந்தார்; கிரைண்டர் நகர்ந்தால் தரை சாய்வு என்றார்.

ஆனைமலையிலிருந்து அக்காவின் தம்பி வந்தபோதுதான் இந்தப் பொய் எங்கே போய் முடியும் என்று எனக்கு உறைத்தது. நல்ல மனிதர்தான். "தை பொறக்கட்டுமுங்க. அதுக்குள்ள பொழப்புக்கு எதாச்சும் ஒரு வழி ஆகோணும். இல்லீன்னா ஊட்டைக் காலி பண்ணிட்டு எங்க கூட வந்துரோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

"போனா என்னங்க்கா? சோத்துக்குக் கவலையில்லையல்லங்க?" என்றேன்.

"சோறு போடுவாங்க கண்ணு. அங்க எல்லாரும் டிவியப் பாத்துட்டே பேசுவாங்க. எம்பக்கம் திரும்பிப் பேச ஆருக்கும் ஞாவகம் இருக்காது. மூணு நாள் இருந்தேன், மூணு நாளும் அந்த ஊட்டுல ஒருத்தரும் பேசல எனக்கு."

அக்கா நம்பியிருந்தது ஒரு கிரைண்டர் கம்பெனியை. செருப்போடு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்க்கிறோம், சரியாக இருந்தால் ஒவ்வொரு கிரைண்டருக்கும் எடுத்துக்கொள்கிறோம் என்று அங்கிருந்த இன்ஜினீயர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். லைனே புகழ்கிற பொருளாயிற்றே என்று அக்கா தைரியமாக இருந்தார். சனிக்கிழமை கடைசியாக ஒரு முறை கிரைண்டரை ஓட்டி, என்னைப் பார்த்தார்.

ஏழு விரலைக் காட்டினேன்.

அக்கா ஸ்விட்சை அணைத்தார். "எப்ப இருந்து ஏழு?"

"நனஞ்ச நாள்ல இருந்துங்க்கா."

"அப்ப நாலுன்னயே?"

"நெசத்தைச் சொன்னா நீங்க எங்கூட்டுக் கதவத் தட்ட மாட்டீங்களோன்னுங்க."

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகப் படித்தோமா என்று சந்தேகப்பட்டாரோ என்னவோ. "கெரகம்! அதுக்கு வேண்டி மூணு மாசமா வெரல மடக்குனயா நீயி? லைனே நல்லாருக்குதுன்னு சொல்லுது..." என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்தினார். லைன் என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் சொன்னேன். அக்கா என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் முக்கிலேயே மொபெட்டை அணைத்து, உருட்டிக்கொண்டு வந்தார். கேட்டால்தானே ஓடுவார்கள்? நேராக ஒன்றாம் எண் அடுப்படிக்குள் நுழைந்தார். நான் பின்னால் போனேன். கிரைண்டர் வெறுங்காலோடு நின்றது. நாலு செருப்பையும் சேர்த்துத் தைத்து, அதன் மேல் அந்த வீட்டு நாய் படுத்திருந்தது. இரண்டாம் எண்ணில் தையல் மிஷின் பெடலில் ஒட்டியிருந்தது. மூணாம் எண்காரர் சைக்கிள் கேரியரில் மகளை உட்கார வைக்க மெத்தையாகக் கட்டியிருந்தார். ஐந்தாம் எண் ஸ்கூட்டர் மெக்கானிக் இரண்டு முழங்காலிலும் ஒவ்வொன்றைக் கட்டிக்கொண்டு ஒரு வண்டிக்கு அடியில் மண்டியிட்டிருந்தார். எல்லோரும் எழுந்து நின்று, "இல்லீங்க, இப்பத்தானுங்க, சித்த முன்னாலதான் எடுத்தமுங்க" என்றார்கள்.

அக்கா துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். அழுதுவிடுவார் என்று பயந்தேன்.

"அந்த நாயி என்ன பண்ணுது?"

"தூங்குதுங்க்கா."

"நாயி மரியாதைக்குத் தூங்காது கண்ணு. நோட்டு எடுத்துட்டு வா, எழுது. நாயி. தையல் மிஷினு. சைக்கிளு. முட்டிங்கால்..." சொல்லிக்கொண்டே வந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு ஒண்டிப்புதூரையும் தாண்டியிருக்கும். மூணாம் எண்காரரும் பல்லைக் காட்டிச் சிரித்தார்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போய், "இது தண்ணிக்கு ஆகாதுங்க, காஞ்ச எடத்துக்குத்தானுங்க ஆகும்" என்று அவரே சொல்லிவிட்டார். இன்ஜினீயர், "பாக்கலாமுங்க, சொல்லியனுப்பறமுங்க" என்றார். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். தை பிறந்ததும் தம்பி டெம்போவோடு வந்தார். லைன் முழுவதும் வாசலில் நின்று "போயிட்டு வாங்க" என்று வழியனுப்பியது. நான் உள்ளே நின்றுகொண்டேன். என் உதட்டைப் பார்த்தால் அவர் என்ன படிப்பார் என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு லைனில் நல்ல அமைதி. கிரைண்டர்கள் என்னவோ முன்னைப்போலத்தான் ஓடின. ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் "ஆச்சுங்க" மட்டும் பேசினேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் உண்டு. அது ஓடும்போது யாரும் போன் பேச முடியாது. மேனேஜர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். போன மாதம் பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு மரப்பெட்டி கேட்டு வாங்கினேன். அக்கா விட்டுப்போன துண்டுகளை அதற்குள் நாலு பக்கமும் ஒட்டி, பேப்பர் வர வழி விட்டு, பிரிண்டர் மேல் கவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் எழுந்து வந்தார்.

"ஏம்மா, பிரிண்டர் நின்னு போச்சா?"

"ஓடிட்டுத்தானுங்க சார் இருக்குது."

பெட்டி மேல் கையை வைத்துப் பார்த்தார். "இன்னும் நாலு செக்‌ஷனுக்கு வேணும். உன்னால ஆகுமா?"

"எனக்கு ஆகாதுங்க சார். செய்யறவங்க ஆனைமலையில இருக்காங்க."

ஆர்டர் கடிதத்தை நானே டைப் அடித்து, அவர் கையெழுத்தையும் வாங்கிவிட்டேன். நாலாம் எண் இன்னும் காலியாகத்தான் இருந்தது. வீட்டுக்கார அம்மாவிடம் பேசி முடித்துச் சாவியை வாங்கிக்கொண்டேன். அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது; தபாலில் எழுதினால் யாராவது டிவியைப் பார்த்துக்கொண்டே படித்துக் காட்டுவார்கள். அதனால் ஆனைமலைக்கு நேரிலேயே போக, பொள்ளாச்சி பஸ் ஏறிவிட்டேன். கிணத்துக்கடவு தாண்டியாயிற்று. மடியில் வைத்து இதை எழுதுகிறேன், எழுத்து ஆடியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்கா வருவாரா என்று தெரியாது. வந்தால், திரும்பும்போது ஜன்னலோரம் அவருக்கு. வழி நெடுகப் பேச எனக்கு நிறைய இருக்கிறது.