டபுள் சைலன்சரின் இருமல் வண்டி

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, காலையில் எழுந்ததும் பெண்டாட்டிக்கு முன்னால் வண்டியிடம் நலம் விசாரித்த ஒரே மனிதர் டபுள் சைலன்சர்தான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும்; நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நான் அப்போது கல்வராயன் மலையில் பள்ளி ஆசிரியன். அங்கே போன் சிக்னல் கிடையாது. அவருடைய பிக்கப்பின் ஓட்டை சைலன்சர்தான் எங்களுக்குத் தகவல் தொடர்பு. காலையில் வண்டி இருமிக்கொண்டே மேலே ஏறும். அந்தச் சத்தம் கேட்டதும் ஜனங்கள், பிடுங்கி வைத்த மரவள்ளிக்கிழங்கை மூட்டை கட்டி ரோட்டுக்குத் தூக்கி வருவார்கள். மதியம் இறங்கும்போது ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி மில்லுக்குப் போவார். வெள்ளிக்கிழமைகளில் மூட்டையோடு மூட்டையாக நானும் வீட்டுக்குப் போவேன்.

அவருக்கோ அந்த இருமல் மானப்பிரச்சினை. மச்சான் கல்யாணத்தில் யாரோ, வண்டிக்கு டி.பி.யா என்று கேட்டுவிட்டார்களாம். நேரே கள்ளக்குறிச்சி வெல்டிங் பட்டறைக்குப் போய், பெரிய கார்களில் இருப்பதுபோல் பின்னால் இரண்டு சைலன்சர் வைக்கச் சொன்னார்.

"இருக்கறது ஒரு இன்ஜின். ரெண்டு சைலன்சர் இன்னாத்துக்குண்ணே?" என்றார் பட்டறைக்காரர்.

"உனுக்கு மூக்குல ஒரு ஓட்டையா இருக்குது? வைப்பா."

குழாயை இரண்டாகப் பிரித்து, பளபளவென்று இரண்டு சைலன்சர் மாட்டியதும் வண்டி தாலாட்டு பாடியது. வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, பூமாலை, எலுமிச்சம்பழம் சகிதம் மலையேறினார். மதியம் என்னை ஏற்றிக்கொண்டு இறங்கினால், ரோட்டில் ஒரு மூட்டை இல்லை. ஹாரன் அடித்தார். வளைவுக்கு வளைவு எல்லா வண்டியும் அடிப்பதுதானே, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிடுங்கிய கிழங்கு தாங்காது. கறுத்துவிட்டால் மில்லில் எடுக்க மாட்டார்கள். பதறிப்போய் மரவள்ளிக் கொல்லைக்குள் இறங்கி நடந்தார். கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா கவலையோடு உட்கார்ந்திருந்தார்.

"நடந்தா வந்தீங்க? வண்டிக்கு ஒடம்பு சரியில்லியா? காலையிலருந்து இருமலையே காணோமே."

அன்று கொல்லை கொல்லையாகப் போய் மூட்டைகளை அவரே சுமந்தார். என் முதுகும் தப்பவில்லை.

மறுநாள் மறுபடியும் பட்டறை. இரண்டில் ஒன்றைக் கழற்றிவிடலாமே என்று பட்டறைக்காரர் சொன்னதற்கு இவர் முறைத்தார். பழைய இரும்புக் குவியலைக் கிளறி, தன் ஓட்டை சைலன்சரைத் தேடியெடுத்து இடது பக்கம் மாட்டச் சொன்னார்.

"வலது பக்கம் எனுக்கு. இடது பக்கம் அவங்களுக்கு."

அதன்பிறகு வண்டி ஒரு பக்கம் தாலாட்டிக்கொண்டும் ஒரு பக்கம் இருமிக்கொண்டும் போனது. ரோட்டில் மூட்டைகள் திரும்ப வந்தன.

இப்போது மலையில் டவர் வந்துவிட்டது. நானும் மாற்றலாகி வந்து வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் ஏதாவது ஓட்டை வண்டி இருமினால், சொந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும் நான், வீட்டுக்குப் போகப் பையைத் தேடுகிறேன்.