குலுக்கிக்கொண்டே இருப்பவர்

பள்ளிக்கூடங்களுக்குப் பூட்டுப் போட்டு, மின்விசிறி அனல் காற்றை வீசத் தொடங்கியதும் நம் பக்கத்தில் ஓர் உயிரினம் சுறுசுறுப்படையும். இரண்டு கால், இரண்டு கை, ஒரு கைப்பேசி. கொம்பில்லை, விஷமில்லை. தானாக ஒரு முடிவெடுத்தது என்ற வரலாறும் இல்லை. இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ஓட்டெடுப்பாளர்.

உங்களுக்குத் தெரியாதா என்ன? சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், காலை வணக்கப் பூங்கொத்துகளுக்குக் கீழே, 'ஞாயிறு எங்கே போகலாம்? வாக்களிக்கவும்' என்று நான்கு கட்டங்கள் வந்து நிற்குமே, அவர்தான்.

மற்ற ஊர்களில் இது ஒரு சுபாவம். உத்திரமேரூரில் இதற்குக் கல்வெட்டு ஆதாரம் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்பு ஓலையில் பெயரெழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுபிள்ளையை விட்டு எடுக்கச் சொன்ன ஊர் அல்லவா? அந்தக் குடத்தின் நேரடி வாரிசு தான்தான் என்று நம்புகிறவர் என் பெரியப்பா மகன் மோகன்குமார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. கடைக்கு வருகிறவரிடம் ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் டார்க்கா போடட்டா, லைட்டா போடட்டா? நீங்க இன்னா நெனைக்கிறீங்க? பின்னாடி நிக்கிறவங்க இன்னா நெனைக்கிறீங்க?" என்று கேட்பார். அவர் நடத்தும் குரூப்பின் பெயர், 'குடவோலைக் குடும்பம்'.

இந்தக் கோடையில் அவர் செய்தவற்றைச் சொல்கிறேன். செய்தவை என்றா சொன்னேன்? கேட்டவை.

வேடந்தாங்கலுக்குக் காலையில் போவதா, மாலையில் போவதா என்று ஒரு ஓட்டெடுப்பு தொடங்கினார். அது முடிவதற்குள் அங்கிருந்த பறவைகள் குஞ்சுகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்து, குடும்பத்தோடு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றுக்கு குரூப் கிடையாது. ஏர்கூலர் வாங்க எந்த நிறம் என்று கேட்டார்; நீலம் ஜெயித்த அன்று சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஏதாவது கலையோ பொழுதுபோக்கோ கற்கலாமென்று ஆசைப்பட்டு, புல்லாங்குழல், யோகா, மாடித்தோட்டம் என்று மூன்றை முன்வைத்தார். பெருவாரியான வித்தியாசத்தில் மாடித்தோட்டம் வென்றது. அவர் வீட்டுக்கு மாடியே கிடையாது. ஆனாலும் தீர்ப்பை மதித்து ஏழு பிளாஸ்டிக் தொட்டிகள் வாங்கி வந்து, இன்றுவரை மாடிக்காகக் காத்திருக்கிறார்.

ஒருநாள் கைப்பேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவையே கேட்டுப் பார்த்தார். "இரண்டுமே நல்ல தேர்வுகள்தான்" என்றது அது. "நம்மாளு!" என்று பூரித்துப்போனார்.

இதெல்லாம் விளையாட்டாகப் போனது. விளையாட்டாகப் போகாதது ஒன்று உண்டு.

அவர் மனைவி, சசிரேகா அண்ணியின் தம்பி தமிழரசன் ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஷிஃப்ட் முடிந்த நேரங்களில் இரண்டு கோடையாகக் கூத்து கற்றவன். ஐயங்கார்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பாரதக்கூத்து. கடைசி நாள், ஞாயிறு காலை பத்து மணிக்குப் படுகளம். தரையில் மண்ணால் செய்து படுக்க வைத்த பிரம்மாண்டமான துரியோதனனைச் சுற்றி ஓடி, அவன் தொடையில் அடிக்கப்போகும் வீமன், நம் தமிழரசன். முதல் வேஷம். அடுத்த மாதம் அவனைக் கம்பெனி புனேவுக்கு அனுப்புகிறது. இனி எந்தக் கோடையில் கட்டுவானோ, கட்டுவானோ மாட்டானோ. அண்ணி பத்து நாளாகக் கேட்டது இது ஒன்றைத்தான்.

பத்து நாளாக மோகன்குமார் அண்ணனும் சும்மா இருக்கவில்லை. எல்லாரும் எங்கே கூடுவது என்று ஒரு ஓட்டெடுப்பு. (அவர் வீடு.) நாஷ்டா வீட்டிலா, வழியிலா என்று ஒன்று. (வீட்டில்.) புளிசாதமா, தயிர்சாதமா என்று ஒன்று. அதற்கும் மேல், இத்தனை ஓட்டெடுப்புகள் தேவையா என்று ஒன்று. (தேவை.)

ஞாயிறு காலை எட்டரைக்குப் பத்தொன்பது பேர் அவர் வீட்டுக் கூடத்தில் நாஷ்டா முடித்துக் கை கழுவி நின்றோம். பஸ்ஸில் போவதா, பச்சமுத்து சித்தப்பாவின் குட்டியானை மினி லாரியில் போவதா என்பதில்தான் இடித்தது. ஒன்பதுக்கு ஒன்பது.

"வண்டி வாசல்ல கீது. சாவி என் கையில கீது. இதுக்கு இன்னாத்துக்குடா ஓட்டு?" என்றார் சித்தப்பா.

"மெஜாரிட்டி இல்லாம வண்டிய எடுத்தா நாளைக்குப் பேச்சு வரும் சித்தப்பா. இது குடவோல ஊரு."

"பேச்சு இப்பவே வந்துகினுதான் கீது, நீ எங்க கேக்குற!"

அண்ணன் கணக்கைச் சரிபார்த்தார். அம்முலு அத்தை இரண்டு பக்கமும் ஓட்டுப் போட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"இன்னா அத்த, ரெண்டுலயும் குத்திக்கீற?"

"பஸ்ஸுன்னவன் மனசும் நோவக்கூடாது, வண்டின்னவன் மனசும் நோவக்கூடாதுடா மோகனு. எனக்கு எல்லாரும் வேணும்."

"சரி, அத்தைய கழிச்சா எட்டுக்கு எட்டு. அப்பவும் சமம். இன்னும் ஓட்டு போடாதவங்க யாரு?"

ஓட்டுப் போட்டவர்கள் பதினாறு, அத்தை பதினேழு, கைப்பேசியைத் தொடக்கூட நேரமில்லாத அண்ணி பதினெட்டு. பத்தொன்பதாவது ஆள் யாரென்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மடியிலிருந்த கவிதைப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

அந்த நேரத்தில் அண்ணியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் மேளம் கேட்டது.

"அக்கா, அரிதாரம் பூசியாச்சு. கிரீடம் கட்டினா முடிஞ்சிது. எங்க கீற?"

"வழியில கீறேன்டா."

"பொய் சொல்லாத. மாமா குரல் கேக்குது, மெஜாரிட்டின்றாரு. அக்கா, எனக்குக் கையெல்லாம் நடுங்குது. நீ முன்னாடி வந்து நின்னீன்னா சரியாப் போயிடும்."

மணி எட்டு ஐம்பது. அண்ணி போனை இடுப்பில் செருகினார். அண்ணன் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"சமமா வந்தா இன்னா பண்ணலாம்னு ஒரு ஓட்டெடுப்பு போட்டுகினு கீறேன் சசி. ரெண்டே நிமிசம்."

அண்ணி உள்ளே போய், பச்சை நிறப் பிளாஸ்டிக் குடத்திலிருந்த தண்ணீரை வாசலில் கொட்டி, முந்தானையால் உள்ளே துடைத்தார். மகளின் பழைய கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, திரும்பி நின்று எழுதி, துண்டு துண்டாக்கி மடித்துக் குடத்தில் போட்டுக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தார்.

"இது குடவோல ஊருதான? அப்ப குடத்துல எடுத்துக்கலாம். தேவயானி, வாடி இங்க."

அவர்கள் மகள், ஏழு வயது தேவயானி, வாயைச் சுற்றிப் புளிசாதத்தோடு வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எழுந்து நின்றுவிட்டார். முறைப்படி நடக்கிறதே! குடத்தை அவரே வாங்கிக் குலுக்கினார். குலுக்கினார். குலுக்கிக்கொண்டே இருந்தார்.

"குலுக்குனா எடுக்கணுங்க," என்றார் அண்ணி.

தேவயானி கையை விட்டு ஒன்றை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "குட்டி... யானை."

எதிர்க்கட்சி மறுபேச்சில்லாமல் எழுந்தது. திருப்புலிவனம் தாண்டும்போது ஒன்பதே கால். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கப் படுகளத்தின் ஓரத்தில் நின்றோம். கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு அண்ணி முன்னால் போனார். வீமன் கதாயுதத்தோடு ஓடிவந்து, ஒரு கணம் நின்று, அக்காவைப் பார்த்தான். அப்புறம் அவன் கை நடுங்கவில்லை. மண் தொடைதான் நடுங்கியது. அண்ணி அழுததையும் விசிலடித்ததையும் நான் பார்த்தேன். முதலில் எதைச் செய்தார் என்று சொல்ல முடியாது.

சாயங்காலம் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றக் குடத்தைக் கேட்டார்கள். நான்தான் எடுத்துக் கவிழ்த்தேன். ஐந்து சீட்டுகள் விழுந்தன. பிரித்தேன். ஐந்திலும் குட்டியானை. நிமிர்ந்தால் அண்ணி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, படிச்சிட்டியா?"

தலையாட்டினேன்.

"இதுக்கும் ஓட்டு போடமாட்டல்ல?"

மாட்டேன் என்றேன். இரவு குரூப்பில் அண்ணனின் செய்தி வந்தது: 'ஆயிரம் ஆண்டு முறை இன்றும் வெல்கிறது!' அண்ணி ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார். அத்தை இரண்டு.

ஆகவே, வாசகரே, எச்சரிக்கை. நான் அந்த வகையில்லை என்று சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் இதை மடித்து வைத்த பிறகு, 'நான் ஒருவேளை அப்படித்தானோ?' என்று வீட்டில் நாலு பேரைக் கேட்டுப் பார்க்கலாமென்று தோன்றினால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

அதுதான் முதல் அறிகுறி.