கண்டன்சர் கேட்ட பள்ளம்

எங்கள் தெருவில் குடியிருந்த யாருக்கும் எந்தப் பாட்டிலும் முதல் வரிக்கு மேல் தெரியாது. காரைக்குடிக்காரர்களுக்குச் சங்கீத ஞானம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்வரிசையில் மைக் செட் கடை வைத்திருந்த 'கண்டன்சர்' என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரே மனிதரின் கைங்கரியம் அது.

இசைத்தட்டைப் போடுவார். முதல் வரி ஓடும். முள்ளைத் தூக்கிவிட்டு, ஸ்பீக்கர் பெட்டியின் முதுகைத் திறந்து, ஒரு கண்டன்சரைக் கழற்றி வேறொன்றை மாட்டுவார். மறுபடியும் முதல் வரி. எழுபதுகளில் ஒரு கோடை முழுவதும் ஒரே வரியைக் கேட்டோம்.

அந்தப் பெட்டிக்குள் பெரிய ஸ்பீக்கர் ஒன்று, சின்னது ஒன்று. கனத்த சத்தம் பெரியதற்கும் மெல்லிய சத்தம் சின்னதற்கும் போகவேண்டும். அப்படிப் பிரித்து அனுப்புவது நடுவில் இருக்கும் கம்பிச்சுருளும் கண்டன்சரும். அவர் அதைச் சொல்லும் அழகே தனி.

"பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் நிக்கிற மாதிரி சார். திருப்பத்தூர் போறவுக இங்குட்டு, கோவிலூர் போறவுக அங்குட்டு. கண்டக்டர் தூங்கிட்டாருன்னு வையிங்க, கோவிலூர் ஆளு திருப்பத்தூர் பஸ்ல ஏறிக் கூப்பாடு போடுவான்."

அவர் மனைவியின் கூப்பாடு வேறு ரகம். "பருப்பு டின்னத் தொறந்தா கண்டன்சர், மொளகா டின்னத் தொறந்தா கண்டன்சர். இதத் தாளிச்சு ஊத்தவா உங்களுக்கு?"

"தாளி. அந்தப் பச்சை டப்பாவுல இருக்கத மட்டும் தொட்றாத. அது நல்ல சரக்கு."

கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் பெரியப்பா வாழ்த்து மடல் வாசித்துக்கொண்டிருந்தார். கண்டன்சர் சபை நடுவே எழுந்து கையைக் காட்டினார். "செத்த நிறுத்துங்க அப்பச்சி! கண்டன்சர் அளவு ஒரு மைக்ரோ கூடிப் போச்சு. நீங்க 'சீரும் சிறப்பும்'ங்கையில பாம்பு சீறுது." மாற்றினார். பெரியவர் முதலிலிருந்து வாசித்தார். இன்னும் சீறியது. நான்காவது வாசிப்பு முடிவதற்குள் பந்தியில் பாயசம் ஆறிவிட்டது. மணமக்களைத் தவிர எல்லாரும் கண்டன்சரைச் சபித்துவிட்டுப் போனார்கள்.

நான் அப்போது கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். இந்த வித்தியாசமெல்லாம் அவருடைய மனப்பிராந்தி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எம்.எஸ்ஸி. முடித்தவனுக்கு எதிலும் சந்தேகம் வராது.

எங்களுக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் வீட்டில் கல்யாணம் வந்தது. கல்தூண் வைத்த பெரிய கூடம். கூம்பு ஸ்பீக்கரைக் கட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி இரைச்சலாகிவிடும். அங்கே தன் பெட்டிகளை வைத்து, பாட்டு என்றால் என்ன என்று ஊருக்குக் காட்டவேண்டும் என்பது கண்டன்சரின் வாழ்நாள் ஆசை. ஆச்சி பாதி சம்மதித்து, தாம்பூலத் தட்டையும் கையில் எடுத்துவிட்டார். தட்டை நீட்டிவிட்டால் வேலை அவருக்கு என்று பொருள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆச்சி, இவரு காதைச் சோதிச்சுப் பாத்துருவோம்" என்றேன்.

பெட்டிக்குப் பின்னால் ஒரு வேட்டியைக் கட்டி மறைத்தேன். பாட்டின் முதல் வரி ஓடியது. நான் மறைவுக்குள் போய், கம்பிகளைப் பிடித்திருந்த திருகாணிகளைக் கழற்றி, எதையோ மாற்றுவதுபோல் நன்றாகச் சத்தம் எழுப்பி, அதே கண்டன்சரைத் திரும்ப மாட்டினேன். மறுபடியும் முதல் வரி.

கண்டன்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "மாறிருச்சு சார். ஆனா இது கண்டன்சர் மாத்துன மாதிரி இல்ல. நடுவுல பள்ளம் விழுந்திருக்கு. பாடுறவுக ரெண்டடி பின்னால போயிட்டாக."

வேட்டியை விலக்கினேன். "அதே கண்டன்சர்தான்யா! எதையும் மாத்தல!"

கூடமே சிரித்தது. "பாடுறவுக எங்குட்டுப் போனாக, கொல்லைக்கா?" என்றார் ஆச்சி. தாம்பூலத் தட்டு, போட்டிக்கு வந்திருந்த திருப்பத்தூர் கூம்பு ஸ்பீக்கர்காரரிடம் போயிற்று.

பெட்டியை மூடக் குனிந்தபோதுதான் கவனித்தேன். குழப்பம் வராமல் இருக்க, கண்டன்சர் ஒரு கம்பிக்கும் அதன் திருகாணிக்கும் குங்குமம் வைத்திருப்பார். சின்ன ஸ்பீக்கரின் குங்குமக் கம்பி, குங்குமம் இல்லாத திருகாணியில் இருந்தது. கழற்றி மாட்டிய அவசரத்தில் நான்தான் கம்பிகளை இடம் மாற்றிவிட்டேன். அப்படி மாறினால் பெரிய ஸ்பீக்கர் தள்ளும்போது சின்னது இழுக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று விழுங்கும். அவர் சொன்ன பள்ளம் அதுதான். அதற்கு முந்தின வாரம் நானே கரும்பலகையில் எழுதிய பாடம்.

"என்ன சார் பாக்குறீக?" என்றார் ஆச்சி.

"ஒண்ணுமில்ல ஆச்சி" என்று சொல்லிப் பெட்டியை மூடினேன். கண்டன்சர் தூணருகில் நின்று தன் காதைச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தப் பெட்டியை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார். "நீங்களே வச்சுக்கங்க சார். காது பொய் சொல்ற ஆளுக்கு இது எதுக்கு?"

அதன்பிறகு அவரும் கூம்பு ஸ்பீக்கர்தான் கட்டினார். அதில் கழற்றவும் மாட்டவும் ஒன்றும் கிடையாது. எங்கள் தெரு முதன்முறையாக முழுப் பாட்டுக் கேட்டது. எல்லாரும் நிம்மதி என்றார்கள். நான் அவர் கடையைத் தாண்டும்போது மட்டும் வேகமாக நடந்தேன். உண்மையைச் சொல்ல வாய்ப்பு தினமும் இருந்தது. பேராசிரியருக்குக் கம்பி மாட்டத் தெரியவில்லை என்று ஊர் பேசுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் வெட்கத்தை விடுவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. குங்குமக் கம்பியும் தப்பான திருகாணியிலேயே இருக்கிறது. இடம் மாற்ற இரண்டு நிமிடம் போதும். மாற்றிவிட்டு முதல் வரியைப் போட்டால், பாடுகிறவர் முன்னால் வந்துவிட்டாரா என்று சொல்ல அவர் வேண்டும்.