சனிக்கிழமைச் சிவப்பு

“வானத்துக்குக் கிழமை தெரியுமா, திரு. ரெய்னோ?”

மின்னஞ்சலில் இருந்தது அந்த ஒரே வரிதான். கீழே டாக்டர் வெண்லா என்ற பெயரும், ஒரு நீண்ட அட்டவணையும். ரெய்னோ அட்டவணையை மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். எப்படிப் படித்தாலும் சனிக்கிழமைதான் வந்தது.

மூன்று குளிர்காலங்களில் நாற்பத்தோரு முறை, மேற்கே, மரங்களுக்குச் சற்று மேலே, மாலை ஆறு மணி முதல் பெரும்பாலும் எட்டு மணி வரை சிவப்பு ஒளி. நாற்பத்தொன்றும் சனிக்கிழமை.

ரெய்னோவின் தொழில் துருவ ஒளி காட்டுவது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை உறைந்த ஏரியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, கையில் சூடாகப் பெர்ரிச் சாறு கொடுத்து, “மேலே பாருங்க” என்பார். மற்ற வழிகாட்டிகளும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் ரெய்னோவின் பயணத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு தாளும் ஒரு பென்சிலும் தருவார். அந்தக் குளிரில் பேனா எழுதாது. என்ன நிறம், என்ன வடிவம், எந்தத் திசை, எத்தனை மணி என்று அவர்கள் எழுத, தாள்கள் துருவ ஒளி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும். “நீங்களும் விஞ்ஞானிதான்” என்று வண்டியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதி வைத்திருந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு வரிக்காக வந்தவர்கள்.

“என்ன, மூஞ்சி ஆறிப்போன கஞ்சி மாதிரி இருக்கு?” என்றாள் ஐலி. அவர் மனைவி. காப்பிக் கெண்டியோடு வந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஓ, மாட்டிக்கிட்டீங்களா?” என்றாள்.

“மாட்டிக்க என்ன இருக்கு?”

“அது உங்க அண்ணன் வீட்டு பல்புன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. முடிஞ்சுது கதை.”

“மூணு வருஷம் கழிச்சா? பட்டியல்லேருந்து நம்ம பேரையே அடிச்சிடுவாங்க. அப்புறம் வண்டில எழுதினதை நீதான் சுரண்டணும்.”

அது பல்புதான். ரெய்னோவுக்கு முதல் நாளே தெரியும். ஏரிக்கு அந்தப் பக்கம், மேட்டுக்குப் பின்னால், அவருடைய அண்ணன் வில்யோ ஒரு கம்பம் நட்டு அதன் உச்சியில் சிவப்பு பல்பு ஒன்றை மாட்டியிருந்தார். ஏரி நடுவில் நிற்கிறவர்களுக்குப் பல்பு தெரியாது. பனிமூட்டத்தில் பரவிய சிவப்பு மட்டும்தான் தெரியும். ஆனால் ரெய்னோவின் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால், இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே பல்பே தெரியும்.

ரெய்னோ தரும் தாளில் கடைசியாக ஒரு கேள்வி உண்டு. ‘இது மனிதர் வைத்த விளக்காக இருக்கலாமா?’ ஆம், இல்லை. முதல் சனிக்கிழமை ஒரு டச்சு டீச்சரம்மா அந்தக் கேள்வியில் பென்சிலை வைத்துக்கொண்டு ரெய்னோவைப் பார்த்தாள். மூன்று நாளாக மேகம். ஒரு பச்சைக் கீற்றுகூடப் பார்க்காமல் மறுநாள் ஊருக்குப் போகப் போகிறவள். கண்ணில் தண்ணீர் நின்றது. ரெய்னோ “இல்லைன்னு போடுங்க” என்றார். அவள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “சிவப்பு! ரொம்ப அபூர்வமாச்சே!” என்று அழுதாள். பாவம் பார்த்துச் சொன்ன ஒரு பொய். அதற்குப் பிறகு நாற்பது சனிக்கிழமை அதையே சொல்லவேண்டியதாயிற்று.

அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அண்ணனுடைய படகு மோட்டாரை இரவல் வாங்கிப்போன ரெய்னோ அதை ஏரியில் நழுவவிட்டுவிட்டார். “பழைய மோட்டார்தானே” என்றார். “அப்ப நீயும் அதுகூடவே போய் இரு” என்றார் வில்யோ. அவ்வளவுதான். அதன் பிறகு கடையில் பார்த்தால் தலையை மட்டும் அசைத்துக்கொள்வார்கள். ‘அவன் ஒரு வார்த்தை பேசட்டும், நான் ரெண்டு பேசறேன்’ என்று ரெய்னோ பதினோரு வருஷமாகக் காத்திருந்தார். அந்த ரெண்டு வார்த்தையைக்கூட யோசித்து வைத்திருந்தார். புது மோட்டார் ஒன்றையும் வாங்கி, பிரிக்காத பெட்டியோடு கொட்டகையில் வைத்திருந்தார். கேட்டால் படகுக்கு என்பார். அவரிடம் படகே கிடையாது.

“வேணும்னுதான் மாட்டியிருக்கான்” என்றார் ரெய்னோ. “நான் இருட்டை வித்துப் பிழைக்கிறவன். என் வயித்துல அடிக்கத்தான் இந்த விளக்கு. நான் ஜன்னல்ல கனமா ஒரு திரை போட்டேனா? அடுத்த வாரமே இன்னும் பெரிய பல்பா மாத்தினான் பாரு! என்ன வன்மம்!”

“உங்களுக்கு எதிரா ஒருத்தர் மூணு வருஷம் கம்பத்துல ஏறி இறங்குவாராக்கும். அவருக்கு முழங்காலே சரியில்ல.”

“அதுவும் எப்ப ஆரம்பிச்சான் தெரியுமா? நாம சௌனாவை எடுத்துட்டு, வர்றவங்க குளிர் உடுப்பு வைக்க இடம் பண்ணினோமே, அதே மாசம். நாம முன்னுக்கு வர்றது பொறுக்கல.”

சௌனாவை எடுத்தது ஊர் முழுக்கப் பேச்சாகத்தான் இருந்தது. அந்தக் கரையில் கூரை இல்லாத வீடுகூட இருக்கலாம், நீராவிக் குளியலறை இல்லாத வீடு இருக்கக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் யாரும் யாரையும் குளிக்க வா என்று வாயால் கூப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டுச் சௌனாவின் புகைபோக்கியில் புகை எழுந்தால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போகவேண்டியதுதான். உள்ளே போனால் பழைய சண்டை எதையும் எடுக்கக்கூடாது, அது அப்பா காலத்துச் சட்டம். அப்படிப்பட்ட ஊரில் ரெய்னோ தன் சௌனாவில் நாற்பது ஜோடி பூட்ஸை அடுக்கிவிட்டு, சனிக்கிழமைகளில் ஹோட்டலில் தங்கியவனைப் போல ஷவருக்கு அடியில் நின்றார். கடையில் எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

டாக்டருக்கு அவர் யோசித்துப் பதில் எழுதினார். ‘சனிக்கிழமை எங்களுக்குக் கூட்டம் அதிகம். பார்க்கிற கண்கள் அதிகம். அதனால் பதிவும் அதிகம்.’

‘அருமையான விளக்கம்’ என்று பதில் வந்தது. ‘அப்படியானால் புதன்கிழமையும் அதே அளவு ஆட்களை நிறுத்திப் பாருங்கள்.’

புதன்கிழமை இருபத்திரண்டு பேரை, ஆளுக்கு ஒரு பன் இலவசம் என்று ஆசைகாட்டி, ஏரியில் நிறுத்தினார். வானம் பச்சையாக ஆடியது, ஊதாவாகச் சுருண்டது. மேற்கே ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. இருபத்திரண்டு பேரும் கவனமாக ‘சிவப்பு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள்.

“இப்ப சனிக்கிழமை மட்டும்தான்னு நீங்களே சாட்சி சேர்த்துக் கொடுத்திட்டீங்க” என்றாள் ஐலி.

அடுத்த யோசனை அவருக்கு ஷவரில் உதித்தது. நகராட்சிக்குப் பெயரில்லாமல் ஒரு கடிதம் எழுதினார். ‘ஏரியின் மேற்குக் கரையில் அனுமதியில்லாத விளக்கு ஒன்று எரிகிறது. இயற்கையான இருளுக்குக் கேடு.’ நகராட்சிக்கு அந்தக் குளிர்காலத்தில் வேறு வேலை இல்லைபோலும். ஒரே வாரத்தில் வில்யோவுக்கு நோட்டீஸ் போனது. அந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்கு ரெய்னோ திரையை விலக்கிப் பார்த்தார். இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே இருட்டு.

ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எட்டு மணி வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

“கடையில சொன்னாங்க” என்றாள் ஐலி, முதுகுக்குப் பின்னாலிருந்து. “உங்க அண்ணன் ஔலு டவுனுக்கே போறாராம். பொண்ணு வீட்டுக்கு. மொத்தமா. இந்த மாசமே. அண்ணி வீட்டைப் பூட்டிட்டுப் பின்னால போவாங்களாம்.”

“போகட்டும்.”

“அவ்வளவுதானா?”

“வேறென்ன? கிளம்பறேன்னு ஒரு வார்த்தை சொன்னானா எங்கிட்ட?” என்றார் ரெய்னோ. காப்பியில் இரண்டாவது முறையாகச் சர்க்கரை போட்டார்.

“கதவைத் தட்டிட்டு வாங்களேன். கால் என்ன தேஞ்சா போயிடும்?”

“முதல்ல அவன் தட்டட்டும்.”

இரண்டு சனிக்கிழமை சிவப்பில்லாமல் போனது. தாள்களை அனுப்பிவிட்டு, இனி டாக்டர் மறந்துவிடுவார் என்று நிம்மதியாக இருந்தார் ரெய்னோ. மூன்றாம் வாரம் வியாழக்கிழமை மின்னஞ்சல் வந்தது. ‘மூன்று குளிர்காலம் தவறாமல் வந்தது சட்டென்று நின்றுவிட்டது! இதைச் சும்மா விடக்கூடாது. சனிக்கிழமை நானே வருகிறேன்.’

வேலியில் போன ஓணான் இப்போது சட்டைக்குள்ளேயே வந்துவிட்டது. சிவப்பு தெரியாவிட்டால் நாற்பத்தோரு நாள் தாள்களும் பொய் என்பார். கொஞ்சமாவது தெரியவேண்டும். அண்ணனிடம் போய்க் கேட்கலாம் என்றால், பதினோரு வருஷம் கழித்துப் பேசுகிற முதல் வார்த்தை ‘பல்பைப் போடு’ என்றா இருப்பது?

சனிக்கிழமை மத்தியானம் பழைய டிராக்டரின் பின்விளக்கைக் கழற்றிக்கொண்டு, பூட்ஸ் அடுக்கிய சௌனாவின் கூரைமேல் ஏறினார். ஐலி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

“நம்ம வீடு கிழக்கால இருக்கு. தாள்ல மேற்குன்னு இருக்கு” என்றாள்.

“ஆளுங்களை ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திட்டா எல்லாம் ஒண்ணுதான்.”

“வானத்துக்குக் கிழமை தெரியாதுதான். அந்தம்மாவுக்குத் திசை கூடவா தெரியாது?”

“இருட்டுல யாருக்கு என்ன தெரியப்போகுது!” என்றார் ரெய்னோ. விரல்கள் மரத்துப்போய் ஒரு திருகாணியைக் கூரையில் நழுவவிட்டார். அறுபத்து மூன்று வயதில், முழங்கால் இரண்டும் வலிக்க, பனி வழுக்கும் கூரையில் ஒரு பல்பை மாட்டுவது எத்தனை பெரிய வேலை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அண்ணனுக்கு அறுபத்தெட்டு.

டாக்டர் வெண்லா ஐந்தே முக்காலுக்கு வந்தார். குட்டையான, சுறுசுறுப்பான அம்மாள். மூக்கு நுனி மட்டும் குல்லாவுக்கு வெளியே தெரிந்தது. ஆறு மணிக்கு ஐலி வீட்டிலிருந்து சுவிட்சைப் போட, ரெய்னோவின் கூரைக்கு மேலே பனிமூட்டம் சிவந்தது. வந்திருந்த பதினாலு பேரும் “ஆஹா!” என்று பென்சிலை எடுத்தார்கள்.

டாக்டர் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். பத்து விநாடிகூட ஆகவில்லை. பிறகு திசைகாட்டியைப் பார்த்தார்.

“கிழக்கு” என்றார். “டிராக்டர் விளக்கு.”

ரெய்னோ கையிலிருந்த தாள்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“பயப்படாதீங்க. பழசும் விளக்குதான்னு எனக்கு முதல் மாசமே தெரியும். அந்த மாதிரித் தாள்களை நாங்க தனியா எடுத்து வச்சிடுவோம். ஆராய்ச்சிக்கு ஒரு கெடுதலும் இல்ல.”

“தெரியுமா! அப்புறம் ஏன் மேடம் வானத்துக்குக் கிழமை தெரியுமான்னு…”

“நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நீங்க கூரைமேல ஏறிட்டீங்க.” அவர் சிரித்தார். பிறகு பையிலிருந்து அட்டவணையை எடுத்தார். “நான் வந்தது வேற ஒண்ணுக்கு. இதைப் பாருங்க. மைனஸ் முப்பத்தெட்டுல, நீங்களே ஆட்களை அரைமணி நேரத்துல திருப்பிக் கூட்டிட்டுப் போன அன்னைக்கும், ஆறு மணிக்கு விளக்கு வந்திருக்கு. மூணு குளிர்காலத்துல ஒரு சனிக்கிழமைகூடத் தப்பல. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சனிக்கிழமையா வந்துதே, அன்னைக்கு மட்டும் எட்டு மணிக்கு அணையல, நடுராத்திரி வரைக்கும் எரிஞ்சிருக்கு. எங்கிட்ட சம்பளம் வாங்கறவங்களே இப்படி வேலை பார்க்கறதில்ல. இப்படிப்பட்ட மனுஷர் யாருன்னு பார்த்துக் கை குலுக்கணும்னு வந்தேன்.”

“அது என் அண்ணன்” என்றார் ரெய்னோ. பதினோரு வருஷத்தில் அந்த வார்த்தையை வெளியாளிடம் சொல்வது அதுதான் முதல் முறை. “என்மேல கோபம் மேடம். என் தொழிலைக் கெடுக்கத்தான்…” சொல்லும்போதே அது அவருக்கே சரியாகப் படவில்லை.

அப்போது ஏரிப் பனியில் சறுக்குவண்டி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. பின்னால் நின்று ஒற்றைக் காலால் உந்தி வந்தவர் ஹில்மா, வில்யோவின் மனைவி. அண்ணியை அத்தனை கிட்டத்தில் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. வண்டியின் இருக்கையில் மடித்து வைத்த துண்டுகள் இரண்டும், சௌனாவில் உடம்பில் அடித்துக்கொள்கிற காய்ந்த பிர்ச் இலைக் கட்டு ஒன்றும் இருந்தன.

ஹில்மா சுற்றியிருந்த வெளிநாட்டுக்காரர்களையோ டாக்டரையோ பார்க்கவில்லை. ரெய்னோவின் கூரைமேல் எரிந்த சிவப்பையே பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“விளக்கைப் பார்த்ததும் ஓடி வந்தேன் தம்பி. பழக்கதோஷம், ரெண்டு துண்டா எடுத்துட்டு வந்துட்டேன். சௌனாவைத் திரும்பக் கட்டிட்டியா?”

“அண்ணி, அது… உள்ள பூட்ஸ்தான் இருக்கு” என்றார் ரெய்னோ. “ஏன், சௌனாவுக்கும் விளக்குக்கும் என்ன?”

ஹில்மா துண்டு ஒன்றை எடுத்துப் பிரித்து, மறுபடி மடித்தார்.

“உன் வீட்டுல சௌனா இல்லேன்னு ஆனதும், இருட்டுல எங்க புகை உன் கண்ணுக்குத் தெரியாதேன்னுதான் அவர் சனிக்கிழமை தவறாம விளக்கேத்தி உன்னைக் கூப்பிட்டாரு; நீ இன்னைக்குப் பதிலுக்குக் கூப்பிடறே, அவர் காலையில பஸ் ஏறிட்டாரே தம்பி!”