பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை

மாகாண அறிவியல் கணிப்பு மையத்தின் சர்வரைப் போல ஒழுக்கமான இயந்திரம் ஜப்பானில் மட்டுமல்ல, சூரியனுக்குக் கீழே எங்குமே கிடையாது. ஒரு நாளும் அது படுத்ததில்லை, ஒரு நொடிகூடக் கண்ணயர்ந்ததில்லை. வீட்டில் ஆள் இருந்தும் கதவைத் திறக்காத ஒரு சின்னக் குணம் மட்டும் அதற்கு உண்டு. குணம் என்று சொன்னால் மையத்துக்காரர்கள் வருந்துவார்கள்; அவர்கள் மொழியில் அது 'பாதுகாப்பு'.

அந்த ஒழுக்கத்தின் அருமை திங்கட்கிழமை காலையில் தசுயே மிஷிரோவுக்குப் புரியவில்லை. இசோனே விரிகுடாவின் மீன்வள ஆய்வு நிலையத்தில் அவள் ஒருத்திதான் ஆய்வாளர். விரிகுடாவின் வாயில் செம்பழுப்பாக ஒரு பாசி திரண்டிருந்தது. அது போகும் வழியில் ஒரு சிப்பியும் பிழைக்காது. வியாழன் மதியத்துக்குள் சிப்பி வளர்க்கும் மிதவைகளை இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். கிழக்குக் குடாவுக்கா, மேற்குக் குடாவுக்கா? காற்றையும் நீரோட்டத்தையும் போட்டுக் கணக்கிட்டால் விடை வந்துவிடும். அவ்வளவு பெரிய கணக்கைப் போட அந்த சர்வரால்தான் முடியும். அது இருப்பதோ மலைக்கு அந்தப்பக்கம், நான்கு மணி நேர ரயில் தூரத்தில்.

கடவுச்சொல்லை மூன்று முறை அடித்தாள். 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்றது திரை. மையத்தின் வழிகாட்டுப் பிரிவுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் குனிமோட்டோ. தேன் தோற்கும் குரல்.

"சர்வர் ரொம்ப நல்லா இருக்குங்க. இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன், பச்சை விளக்கு எரியுது."

"என்னால உள்ள போக முடியலையே."

"அது உங்க பக்கத்துக் கஷ்டங்க. எங்க பக்கத்துல கஷ்டமே இல்ல. ஆமா, எல்லாருக்கும் கடவுச்சொல்ல மாத்திட்டோமே. தபால்ல வருது. வரலையா?"

"மாத்தின பிறகா தபால்ல போடுவீங்க?"

"மாத்துறதுக்கு முன்னாடி போட்டா ரகசியம் வெளிய போயிடாதுங்களா?"

இந்தத் தொலைநோக்கை யார்தான் மெச்சமாட்டார்கள்? தபால் செவ்வாய்க்கிழமை வந்தது. புதிய சொல்லை எழுத்தெழுத்தாக அடித்தாள். இணைப்பு மறுக்கப்பட்டது. மறுபடி போன்.

"ஆராயாம எதையும் சொல்லக்கூடாதுங்க," என்றார் குனிமோட்டோ. "பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ முயற்சி பண்ணுங்க. நேரத்தையும் விளைவையும் தாள்ல எழுதி, முத்திரை குத்தி, சாயங்காலம் ஃபேக்ஸ் அனுப்புங்க. நேத்தைக்கும் சேர்த்துத்தான்."

"நேத்தே பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ தட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ரொம்ப நல்லதுங்க. அப்படியே விடாமப் பண்ணுங்க."

விடாமல் பண்ணினாள். கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். கணினியை அணைத்து எழுப்பினாள். வீட்டுக் கணினியிலிருந்து போகலாமென்றால், பதிவு செய்த அலுவலகக் கணினிக்கு மட்டுமே அனுமதி. ரயிலேறி நேரில் போனாலும் அதே விதிதான். புதன் சாயங்காலம் தாள் நிறைய 'மறுக்கப்பட்டது' என்று எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு முத்திரை குத்தியிருந்தாள். பார்க்க அம்மை போட்ட மாதிரி இருந்தது.

வியாழன் காலை சிப்பிக்காரர் ஹமசாக்கி ரப்பர் பூட்ஸோடு உள்ளே வந்தார். அவருக்குப் பதினொரு மிதவைகள். மூன்று வருஷம் வளர்த்த சிப்பி.

"சென்செய்," படித்தவர்களை அவர் அப்படித்தான் மரியாதையாக அழைப்பார், "கிழக்கா மேற்கா? படகு எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு."

"இன்னும் கணக்குப் போட முடியல, ஹமசாக்கி சான்."

"அந்த மிஷினு செத்துப் போச்சா?"

"இல்ல. ரொம்ப ஆரோக்கியமா இருக்காம்."

"அதுக்கென்ன, அது சிப்பியா?" என்று சொல்லிவிட்டு அவர் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். "சரி, உங்க மனசுல என்ன தோணுது, அதைச் சொல்லுங்க."

தோன்றுவதைச் சொல்லக்கூடாது என்பதுதான் அவள் இருபத்தெட்டு வருஷம் கற்ற படிப்பு. மதியம் பன்னிரண்டு வரை தட்டினாள். பிறகு, "கிழக்கு," என்றாள்.

மிதவைகள் கிழக்கே போயின. பாசியும் கிழக்குக்குத்தான் போனது.

அடுத்த வாரம் மையத்திலிருந்து மூன்று பேர் ரயிலேறி வந்தார்கள். குனிமோட்டோ, அவருடைய பிரிவுத் தலைவர், இனிப்புப் பெட்டியைச் சுமக்க ஒருவர். சிப்பிக்காரர்கள் முப்பது பேருக்கு முன்னால் தலைவர் அறிக்கையை வாசித்தார்.

"தவறான கடவுச்சொல் மூணு தடவ வந்தா, பாதுகாப்புப் பிரிவோட ஏற்பாடு அந்தக் கணினிய ஒரு நாள் தடுத்து வைக்கும். தடுப்புல இருக்கும்போது மறுபடி தட்டினா, அந்த ஒரு நாள் முதல்லேருந்து ஆரம்பிக்கும். மிஷிரோ சான் நூத்தி அறுபத்தேழு தடவ தட்டியிருக்காங்க."

தசுயே எழுந்தாள். "தட்டாம சும்மா இருந்திருந்தா?"

"தானாத் திறந்திருக்கும்."

"தட்டச் சொன்னது நீங்கதானே?"

"ஆமாங்க," என்றார் குனிமோட்டோ. "நீங்க குடுத்த ஒத்துழைப்ப மறக்கவே மாட்டோம்."

"தடுப்புல இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அது பாதுகாப்புப் பிரிவுங்க. நாங்க வழிகாட்டுப் பிரிவு. அவங்க காரியத்துல நாங்க தலையிட்டா மரியாதையா இருக்காது."

இனி இப்படி நேராமல் இருக்க ஒரு சீர்திருத்தமும் கொண்டுவந்திருந்தார்கள்: பத்து நிமிடத்துக்குப் பதிலாக இனி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை முயற்சி. அந்த வாரம் சர்வர் ஒரு நொடியும் நிற்கவில்லை என்பதையும் அறிக்கையில் அடக்கமாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.

வாசித்து முடித்து மூவரும் இடுப்பை வளைத்துக் குனிந்தார்கள். ஒரே கோணம், ஒரே அமைதி. மூன்று முதுகுகளும் பலகை போட்டாற்போல் நின்றன. அவ்வளவு அழகான மன்னிப்பை இசோனே கண்டதில்லை.

ஹமசாக்கி ஒரு வாளியைக் கொண்டுவந்து அவர்கள் தலைக்கு நேர் கீழே வைத்தார். வாளி நிறையச் சிப்பிகள், எல்லாம் வாய் பிளந்து, நாறிப்போய்.

"இதுங்க வாயத் திறந்துருச்சு," என்றார். "நீங்க கொஞ்சம் நிமிருங்க. எங்க சிப்பியச் சாகடிச்சவங்க முகத்த நாங்க ஒரு தடவ பார்க்கணும்."

மூவரும் இன்னும் ஆழமாகக் குனிந்தார்கள். பணிவு என்றால் அதுவல்லவா பணிவு. எட்டு லட்சம் சிப்பிகளைக் கொன்றுவிட்டு, கொன்றது யார் என்று ஒருவருக்கும் காட்டாமல் நிற்க, அதைவிட நல்ல இடம் உலகில் எங்கே இருக்கிறது?