தங்கள் இணைப்பு வெற்றிகரமாக நிறுவப்பட்டது

மனிதகுலத்தின் மாபெரும் கண்டுபிடிப்பு நெருப்பு என்பார்கள். சக்கரம் என்பாரும் உண்டு. இரண்டும் தவறு. நெருப்புக்கு ஒரு குச்சியையாவது உரச வேண்டும். சக்கரத்தை யாராவது தள்ள வேண்டும். எந்த வேலையும் செய்யாமலே வேலையை முடித்துவைக்கும் ஒரே கண்டுபிடிப்பு, 'வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது' என்ற வாக்கியம்தான். அதன் முழு மகிமையையும் நான்கே நாளில் தரிசித்த பாக்கியவான், சிவகாசியில் புதிதாக வாடகைக்குக் குடிவந்த சூர்யபிரகாஷ்.

சூர்யபிரகாஷ், நாரணாபுரத்துக்கு அப்பால் உள்ள ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். முப்பத்திரண்டு அறைகளும் அவற்றில் வேலை பார்ப்பவர்களின் உயிரும் அவர் பொறுப்பு. அவர் மனைவி யோகேஸ்வரி, பட்டாசுப் பெட்டிகளுக்கு எட்டு வருஷம் லேபிள் வரைந்தவள். அச்சகத்தில் ஆள் குறைத்தபோது அவளைத்தான் முதலில் குறைத்தார்கள். ஆறு மாதம் சும்மா இருந்தவளை, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சென்னைக் கம்பெனி ஒன்று தேர்ந்தெடுத்திருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. வயர் வழியாக வரும் இன்டர்நெட் வீட்டில் இருக்க வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அதன் வேகத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். தவறினால் திங்கட்கிழமை அந்த வேலை அடுத்த ஆளுக்கு. மாடிப்படியின் ஏழாவது படியில் மட்டும் சிக்னல் கிடைத்த ஆமத்தூர் வீட்டைக் காலிசெய்துவிட்டு இருவரும் சிவகாசிக்கு வந்ததே இதற்காகத்தான்.

வியாழக்கிழமை காலை, புது வீட்டில் பால் பொங்க இருந்த நேரத்தில் போன் வந்தது.

"அண்ணாச்சி, வாயுவேகம் நெட்டுல இருந்து சிவபாண்டி பேசுறேன். உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். அதை மட்டும் சொல்லிருங்க, வேலை முடிஞ்சுதுன்னு போட்டுக்கிடுறேன். சாயங்காலம் வந்து வயரை இழுத்துக் குடுத்துறேன்."

வேறு யாராக இருந்தாலும், 'இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே' என்று கேட்டிருப்பார்கள். சூர்யபிரகாஷுக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. முதலில் கையெழுத்து, பிறகு வேலை என்ற 'ஒழுங்குமுறை' அவர் ரத்தத்தில் ஊறியது. ஆலையின் பாதுகாப்புப் பதிவேட்டில் முதல் தேதியன்றே முப்பது நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டுவிடும் நேர்த்தி அவருடையது. 'பால் காய்ச்சிக்கிட்டு இருக்கோம்' என்ற மங்கலச் செய்தியோடு ஆறு எண்ணையும் கணீரென்று சொன்னார். பாலும் பொங்கியது.

மறுநிமிடமே வந்துவிட்டது செய்தி. 'தங்கள் இணைப்பு வெற்றிகரமாக நிறுவப்பட்டது. வாழ்த்துகள்!'

சாயங்காலம் சிவபாண்டி வரவில்லை; போனையும் எடுக்கவில்லை. கூடத்துச் சுவரில் முன்பு குடியிருந்தவர் அடித்துவிட்டுப் போன ஆணி மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, சூர்யபிரகாஷ் வாயுவேகத்தின் சேவை மையத்தை அழைத்தார். இருபது நிமிட வீணை இசைக்குப் பிறகு ஒரு பெண் குரல் அருள்பாலித்தது.

"வணக்கம் சார், நான் பிரீத்திகா. தாங்கள் எங்கள் இன்டர்நெட்டை அனுபவித்துக்கொண்டிருப்பதில் மகிழ்ச்சி."

"இன்னும் வயரே வரலைம்மா."

"வந்துவிட்டது சார். நேற்றுக் காலை ஒன்பது பதினேழுக்கு."

"எங்க வந்துச்சு?"

"எங்கள் சிஸ்டத்தில் சார்."

"நான் உங்க சிஸ்டத்துல குடியிருக்கலையே தாயி, வீட்டுல இருக்கேன்!"

"வீட்டில் வேகம் எப்படி இருக்கிறது சார்?"

"வயரே இல்லைங்கேன், வேகத்துக்கு எங்கன போறது?"

"'வேகம் குறைவு' என்று புகார் பதிவுசெய்துவிட்டேன் சார்."

பதினோரே நிமிடத்தில் அந்தப் புகார் தீர்க்கப்பட்டது. தீரவில்லை என்று அவர் கொடுத்த இரண்டாவது புகார் நான்கு நிமிடத்தில் தீர்ந்தது. நாட்டில் எத்தனையோ துறைகள் வருஷக்கணக்கில் மனுக்களை வைத்துக்கொண்டு திணறும்போது, வாயுவேகத்தின் இந்த வேகத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. மூன்றாவது முறை பிரீத்திகாவே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஓடிபி தாங்கள்தானே சொன்னீர்கள்?"

"ஆமா."

"அப்படியென்றால் வேலை முடிந்துவிட்டது சார்."

"முடியலையே!"

"முடியாமலே முடிந்தது என்று ஏன் சார் சொன்னீர்கள்?"

சூர்யபிரகாஷ் போனை வைத்தார். அதே கேள்வியை யோகேஸ்வரியும் கேட்டாள்.

"ஒரு நம்பிக்கைதான்" என்றார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு உங்க நம்பிக்கையப் போட்டோ எடுத்து அனுப்பட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. மனசு கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியம் லீவு போட்டுவிட்டுத் தெருத்தெருவாகத் தேடினார். கடைசியில், ஒரு கம்பத்தின் உச்சியில் வாயுவேகத்தின் பச்சைச் சட்டை தெரிந்தது.

"ஏலே, சிவபாண்டி நீதானா? கீழ இறங்குலே!"

"யாரு? ஓ, பால் காய்ச்சுன அண்ணாச்சியா! நெட்டு எப்படி இருக்கு?"

"செய்யாத வேலையச் செஞ்சேன்னு எழுதிருக்கியே, மனசாட்சி இருக்கா உனக்கு? உன்னால ஒரு பொம்பளைக்கு வேலை போகப்போவுதுலே!"

"நான் என்ன செய்ய அண்ணாச்சி? ஒரு நாளைக்குப் பத்து வீடு முடிக்கணும்னு டார்கெட்டு. வயரு நாலு வீட்டுக்குத்தான் தாராக. மிச்ச ஆறு வீட்டை வாயாலதான் முடிக்கணும்."

"அதுக்குப் பொய்யா எழுதுவே? உன் எழுத்தை நம்பி ஒருத்தன் உக்காந்திருக்கான்னு நினைச்சுப் பாத்தியா? ஒரு கையெழுத்துன்னா அது எம்புட்டுப் பெரிய விசயம் தெரியுமா!"

தெருவே நின்று கேட்டது. அப்பழுக்கற்ற சொற்பொழிவு. சிவபாண்டி ஏணியில் மெல்ல இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றான்.

"நல்லாப் பேசுறீக அண்ணாச்சி. ஆலை வாசல்ல உங்களப் பாத்திருக்கேன். உங்க கம்பெனியிலதான் எங்க அம்மா வேலை பாக்காக. கருப்பம்மா. பதினாலாம் நம்பர் ரூமு. வெடிமருந்து செலுத்துற வேலை."

"அட, கருப்பம்மாக்கா மகனா நீயி?"

"தீப்பிடிச்சா அணைக்கன்னு ரூமு வாசல்ல ஒரு வாளி தொங்குதாமே. அதுல தண்ணி இருக்கா?"

"இல்லாம? தெனமும் பாத்துக் கையெழுத்துப் போடுறேன்."

"பொங்கல்ல இருந்து அதுல குளவி கூடு கட்டிக் குடும்பம் நடத்துதுன்னு அம்மா சொல்றாக."

சூர்யபிரகாஷ் கம்பத்தைப் பார்த்தார்.

"அந்த வாளியில தண்ணிய ஊத்தி ஒரு போட்டோ அனுப்புங்க. அடுத்த அரை மணி நேரத்துல நான் உங்க வீட்டுல நிப்பேன். இந்தத் தடவை வேலைய முடிச்சுட்டே ஓடிபி கேக்கேன்" என்று சொல்லிவிட்டு, சிவபாண்டி மறுபடி ஏணியில் ஏறினான்.

சூர்யபிரகாஷ் கொதித்துப்போனார். வயர் இழுக்கிற ஒருவன், பதினெட்டு வருஷ அனுபவமுள்ள போர்மேனுக்கு நிபந்தனை போடுவதா? அன்று இரவு முழுவதும் அவருடைய தன்மானம் விழித்திருந்தது. ஞாயிறு மதியம், ஆறு மணி நெருங்க நெருங்க அது உட்கார்ந்து, பிறகு படுத்துக்கொண்டது. வண்டியை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனார்.

விடுமுறை நாள். 'உள்ளே கைப்பேசிக்கு அனுமதி இல்லை' என்று அவரே எழுதி மாட்டிய பலகையைக் கைப்பேசியோடு கடந்தார். பதினாலாம் அறை வாளி பளபளவென்று சிவந்திருந்தது. அதிகாரிகள் ஆய்வுக்கு வருமுன் வருஷம் தவறாமல் பெயின்ட் அடிப்பதில் ஆலை ஒருநாளும் குறை வைத்ததில்லை. கூட்டைத் தட்டினார். கையெழுத்துப் போடும் வலதுகைப் பெருவிரலில் குளவி தன் 'ஆட்சேபணையை'ப் பதிவுசெய்தது. தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினால், அடியில் நான்கு ஓட்டை. ஊற்றியதெல்லாம் காலை நனைத்தது.

மணி மூன்றரை. சூர்யபிரகாஷ் ஒரு நிமிடம் யோசித்தார். பக்கத்து அறை வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார். ஓட்டை இல்லை. நிர்வாகத்திறன் என்பது இதுதான்: பதினைந்தாம் அறை வாளி பதினாலுக்கு வந்தது, பதினாலாம் அறை வாளி பதினைந்துக்குப் போனது. தண்ணீர் ததும்பும் வாளியைப் படம் பிடித்து அனுப்பினார்.

சிவபாண்டி சொன்ன சொல் தவறவில்லை. நாலரைக்குச் சுவரில் பெட்டி ஏறியது. ஐந்தேகாலுக்கு அதில் பச்சை விளக்கு எரிந்தது. யோகேஸ்வரி வேகத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில், 'நாளை காலை பத்து மணிக்குச் சந்திப்போம்' என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிவபாண்டி ஓடிபி வாங்கிக்கொண்டு, வாளிப் படத்தை அம்மாவிடம் காட்டவேண்டும் என்று மகிழ்ச்சியோடு போனான்.

பெருவிரலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே யோகேஸ்வரி நடந்ததையெல்லாம் கேட்டாள். கேட்டவள் தடவுவதை நிறுத்தினாள்.

"அந்த ஓட்டை வாளி இப்ப பதினஞ்சுலயா தொங்குது?"

"ஆமா."

"அங்கன யாரு வேலை பாக்கா?"

"செல்லக்கனின்னு ஒரு பிள்ளை. ரெண்டும் பொம்பளப் பிள்ளைக அவளுக்கு. சின்னது ஒண்ணாப்பு போகுது."

"ஏங்க, அதுல தண்ணி நிக்காதே?"

மறுநாள் ஒன்றாம் தேதி. சூர்யபிரகாஷ், வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பாதுகாப்புப் பதிவேட்டை எடுத்து, புது மாதத்துப் பக்கத்தைப் பிரித்து, வீங்கிய விரலோடு கையெழுத்துப் போடத் தொடங்கினார். பதினாலாம் அறை: வாளியில் தண்ணீர் உள்ளது. பதினைந்தாம் அறை: வாளியில் தண்ணீர் உள்ளது. முப்பத்திரண்டு அறைக்கும், முப்பது நாளைக்கும்.

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? செல்லக்கனிக்கு இன்டர்நெட் மாட்டித்தருகிற மகன் இல்லை.